பிக் பெண்ட்: போய்ச் சேருவது பாதி வழிதான்

நேயர்களுக்கு வணக்கம்.

குளிர்காலம் நெருங்க நெருங்க என்னிடம் வரும் கேள்வி ஒன்று உண்டு. "பிக் பெண்ட் போகலாம்னு இருக்கோம், எந்த ஏர்போர்ட்ல இறங்கினா வசதி?" நான் பதில் சொல்லாமல் திருப்பிக் கேட்பேன்: "ராத்திரி எங்கே தங்கப் போறீங்க?" கேட்டவர்கள் கொஞ்சம் விழிப்பார்கள். ஆனால் டெக்சஸின் தென்மேற்கு மூலையில் இருக்கும் இந்தத் தேசியப் பூங்காவுக்குத் திட்டத்தைத் தலைகீழாகத்தான் போட வேண்டும். தங்குமிடம் முதலில், உள்ளே எந்தெந்தச் சாலையில் போவீர்கள் என்பது அடுத்து, அதற்கேற்ற வண்டி அப்புறம். விமானமா, ரயிலா, வீட்டிலிருந்தே காரா என்பதெல்லாம் கடைசிக் கேள்வி.

காரணம் எளிது. பிக் பெண்டுக்குப் பொதுப் போக்குவரத்து கிடையாது. பூங்காவுக்குப் போகும் பேருந்தும் இல்லை, பூங்காவுக்குள் ஓடும் பேருந்தும் இல்லை. கிராண்ட் கேன்யன், சையான் போன்ற வேறு தேசியப் பூங்காக்களில் காரை ஓரிடத்தில் விட்டுவிட்டு இலவசப் பேருந்தில் ஏறிச் சுற்றியவர்கள், இங்கேயும் அப்படி ஏதாவது இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். இங்கே நீங்கள் கொண்டுபோகும் வண்டிதான் உங்களுக்குப் பேருந்து, நிழல், தண்ணீர்த் தொட்டி எல்லாம்.

பூங்காவின் பரப்பு 3,200 சதுர கிலோமீட்டருக்கு மேல். 1944-இல் தேசியப் பூங்காவானது. தெற்கு எல்லை முழுக்க ரியோ கிராண்டே ஆறு, அக்கரை மெக்சிகோ. நடுவில் சிசோஸ் மலை, சுற்றிலும் சிவாவா பாலைவனம். பார்க்க வேண்டிய இடங்கள் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் சிதறிக் கிடக்கின்றன. கிழக்குப் பக்கம் ரியோ கிராண்டே வில்லேஜ் முகாமில் கூடாரம் போட்டுக்கொண்டு, மேற்கே சாண்டா எலெனா பள்ளத்தாக்கைப் பார்க்கப் புறப்படுகிறீர்கள் என்று வையுங்கள். தலைமையகம் இருக்கும் பேந்தர் ஜங்ஷனுக்கு 20 மைல். அங்கிருந்து மேற்கே போய், ராஸ் மேக்ஸ்வெல் சாலையில் திரும்பி, அதில் மட்டும் 30 மைல். மொத்தத்தில் போக 60 மைலுக்கு மேல், வர 60 மைலுக்கு மேல். பூங்காவுக்குள் உச்ச வேகமே மணிக்கு 45 மைல். வளைவுகள், ஏற்ற இறக்கங்கள், "ஐயோ, அங்க நிறுத்துங்க, படம் எடுக்கணும்" என்று பின் இருக்கையிலிருந்து வரும் குரல்கள், எல்லாம் சேர்ந்தால் காரிலேயே நான்கு மணி நேரம் போய்விடும். இதைத் தெரியாமல் ஒரே நாளில் இரண்டு மூலைகளையும் மலையேற்றத்தையும் அடுக்கி வைத்த பட்டியல்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பாவம், அந்தப் பட்டியல்களைப் போட்டவர்கள் பாலைவனத்தைக் கார்க் கண்ணாடி வழியாகவே பார்த்துத் திரும்புவார்கள்.

அதனால்தான் தங்குமிடக் கேள்வி முதலில். கிழக்கே ரியோ கிராண்டே வில்லேஜ், நடுவே மலைக்குள் சிசோஸ் பேசின், மேற்கே காட்டன்வுட் என்று மூன்று முகாம் இடங்கள் உள்ளே இருக்கின்றன. முடிந்தால் கிழக்கில் ஓர் இரவு, மேற்கில் ஓர் இரவு என்று மாற்றிப் போடுங்கள். மார்ச் மாத வசந்த விடுமுறை, நன்றியறிதல் நாள் வாரம், கிறிஸ்துமஸ் வாரம் ஆகிய காலங்களில் முன்பதிவு இல்லாமல் போனால், இருட்டில் திரும்ப வெளியே வந்து பூங்காவுக்கு மேற்கே இருக்கும் டெர்லிங்குவா என்ற ஊர்ப் பக்கம் இடம் தேட வேண்டியிருக்கும். இன்னொன்று: சிசோஸ் பேசினில் பழைய விடுதியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டம் இருக்கிறது, அந்தப் பகுதியை நீண்ட காலம் மூடப்போவதாக அறிவித்திருந்தார்கள், தேதியும் தள்ளிப்போனது. எனவே டிக்கெட் எடுக்கும் முன் பூங்காவின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சரி, சாலைகள். பூங்காவில் தார்ச்சாலை 100 மைலுக்கு மேல். மண் சாலை 150 மைல் அளவுக்கு. தார்ச்சாலையோடு நிறுத்திக்கொள்வதாக இருந்தால் சாதாரணச் சின்னக் கார் போதும், தாராளமாகப் போதும். பெரிய வண்டி வாடகைக்கு எடுக்கச் சொல்லி யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். எதிர்மாறாக, வீட்டு வண்டி என்று சொல்லும் ஆர்.வி.யில் போகிறவர்களுக்குத்தான் தொல்லை. சிசோஸ் பேசினுக்கு இறங்கும் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. 24 அடிக்கு மேற்பட்ட ஆர்.வி.யும் 20 அடிக்கு மேற்பட்ட டிரெய்லரும் அங்கே வேண்டாம் என்று பூங்காவே சொல்கிறது.

மண் சாலை என்றால் கதையே வேறு. ஓல்டு மேவரிக் சாலை 14 மைல். காய்ந்திருக்கும்போது மெதுவாகப் போகலாம், ஆனால் முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாகத் தன் இருப்பைச் சொல்லும். ரிவர் ரோடு 50 மைல் சொச்சம், ஓல்டு ஓர் ரோடு 26 மைல் போல. இவற்றுக்கு அடிவயிறு உயர்ந்த நான்கு சக்கர இயக்க வண்டி வேண்டும். இங்கே வாடகைக் கார் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாடகை ஒப்பந்தங்கள் பலவற்றில் தார் போடாத சாலையில் ஓட்டக்கூடாது என்ற நிபந்தனை பொடி எழுத்தில் இருக்கும். எஸ்.யூ.வி. எடுத்தாலும் அதேதான். மண் சாலையில் வண்டி நின்றுபோனால் இழுவை வண்டி வர நேரமும் ஆகும், பணமும் ஆகும், காப்பீடும் கைவிரித்துவிடும்.

வாடகைக் காரைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. சாவி வாங்கியதும் கிளம்பிவிடாதீர்கள். டிக்கியைத் திறந்து, அடியில் இருக்கும் விரிப்பையும் பலகையையும் தூக்கிப் பாருங்கள். ஸ்டெப்னி இருக்கிறதா? புதிய கார்கள் பலவற்றில் அந்தக் குழியில் சக்கரம் இருக்காது. ஒரு சின்னக் காற்றடிக்கும் இயந்திரமும் ஓட்டை அடைக்கும் பசைக் குப்பியும்தான் இருக்கும். ஆணி குத்திய ஓட்டைக்கு அது உதவும். சக்கரத்தின் பக்கவாட்டில் கூர்ங்கல் கிழித்தால் அந்தப் பசையால் ஒன்றும் ஆகாது. பிக் பெண்டில் கல் மட்டுமல்ல, லெச்சுகில்லா என்ற கற்றாழை இனச் செடியும் இருக்கிறது. சிவாவா பாலைவனத்துக்கே உரிய செடி. இலை ஒவ்வொன்றும் நுனியில் ஊசி வைத்த கத்தி. சாலை ஓரம் ஒதுங்கும்போது அதன் மேல் ஏற்றினால் டயர் போச்சு. ஸ்டெப்னி இல்லாத வண்டி என்றால், "வேறு வண்டி இருக்கா?" என்று அங்கேயே நின்று கேளுங்கள். கேட்க வேண்டிய இடம் அந்தக் கவுன்டர்தான். 300 மைல் தள்ளி இல்லை.

இப்போது எப்படிப் போவது என்பதற்கு வருவோம். விமானத்தில் வருபவர்களுக்கு மிட்லண்ட் நிலையம்தான் பக்கம். பக்கம் என்றாலும் பேந்தர் ஜங்ஷன் வரை 230 மைலுக்கு மேல். எல் பாசோவில் இறங்கினால் 300 மைலைத் தாண்டும். என் ஓட்டு மிட்லண்டுக்கு. ஒரு எச்சரிக்கையோடு: அது எண்ணெய் வயல் பூமி. ஒடெசாவுக்குத் தெற்கே கிரேன், மெக்கேமி வழியாக வரும்போது எண்ணெய்க் கம்பெனி லாரிகள் சாரை சாரையாக வரும், இருவழிச் சாலையில் முந்தவும் செய்யும். பகல் வெளிச்சத்தில் அந்தப் பகுதியைக் கடந்துவிடுவது நல்லது. எல் பாசோ வழி நீளம் என்றாலும் இன்டர்ஸ்டேட் 10 என்ற பெருநெடுஞ்சாலையில் நிம்மதியாக ஓட்டலாம்.

டல்லஸ், ஹூஸ்டன், சான் அன்டோனியோ பக்கம் இருப்பவர்கள் சொந்தக் காரிலேயே வந்துவிடலாம். சான் அன்டோனியோவிலிருந்து 400 மைல் அளவு. மற்ற இரண்டு ஊர்களிலிருந்தும் ஒன்பது, பத்து மணி நேரம் என்று வையுங்கள். ஃபோர்ட் ஸ்டாக்டனில் இன்டர்ஸ்டேட் 10-ஐ விட்டு 385-ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே திரும்பினால் மாரத்தான் என்ற குட்டி ஊர். அங்கே டேங்கை நிரப்புங்கள், பாதி இருந்தாலும் நிரப்புங்கள். அதற்கு அப்பால் பேந்தர் ஜங்ஷன் வரை 70 மைலுக்குப் பெட்ரோல் கிடையாது. பூங்காவுக்குள் பேந்தர் ஜங்ஷனிலும் ரியோ கிராண்டே வில்லேஜிலும் மட்டும் பெட்ரோல் கிடைக்கும். மேற்குப் பக்கம் வெளியே ஸ்டடி பியூட், டெர்லிங்குவா இருக்கின்றன. மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கூடுதலாக உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். இன்டர்ஸ்டேட் 10 ஓரமாக வேக சார்ஜர் கிடைக்கும், தெற்கே திரும்பிவிட்டால் அந்த வசதி சட்டென்று குறைந்துவிடும். ஃபோர்ட் ஸ்டாக்டனிலிருந்து பேந்தர் ஜங்ஷனுக்கே 120 மைலுக்கு மேல். உள்ளே நாள் ஒன்றுக்கு நூறு மைல் சுற்றுவதையும் சேர்த்துப் பார்த்தால் முதல் முறைக்கு நான் பெட்ரோல் வண்டியைத்தான் சொல்வேன்.

ரயில் பிரியர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. அமெரிக்கப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்கின் சன்செட் லிமிடெட், நியூ ஆர்லியன்ஸுக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் இடையே வாரத்தில் மூன்று நாள் ஓடுகிறது, பூங்காவுக்கு வடக்கே இருக்கும் ஆல்பைனில் நிற்கும். சான் அன்டோனியோவில் விடியலுக்கு முன் ஏறி, மேற்கு டெக்சஸை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வரலாம். அருமையான பயணம். ஆனால் சரக்கு ரயில் கம்பெனியின் தண்டவாளத்தில் ஓடும் ரயில் இது. பல மணி நேரத் தாமதம் அதற்குப் பழக்கம்தான். ஆல்பைனிலிருந்து பேந்தர் ஜங்ஷன் இன்னும் 108 மைல். சின்ன ஊர், வாடகைக் கார் நாலைந்து ஏஜென்சிகள் வரிசையாக நிற்கும் இடமல்ல. காரைப் போனில் பேசி உறுதி செய்துகொண்டு, ரயில் தாமதமானால் சாவியை எப்படி வாங்குவது என்பதையும் கேட்டுவிட்டு, அதற்கப்புறம் ரயில் டிக்கெட் எடுங்கள். அன்றிரவு ஆல்பைனிலேயே தங்குவது உத்தமம்.

எந்த வழியில் வந்தாலும் பொழுது சாயும் முன் முகாமுக்குப் போய்விடுங்கள். இரவு வானத்துக்குப் பேர்போன இடம் இது, 2012-இல் சர்வதேச இருள்வானப் பூங்கா என்ற தகுதியும் கிடைத்தது. அந்த இருட்டு நட்சத்திரம் பார்க்க நல்லது, கார் ஓட்ட அல்ல. மான்களும், ஹவலீனா என்ற பன்றி போன்ற விலங்குகளும் சாலையில் நிற்கும்.

மழையையும் கணக்கில் வையுங்கள். பாலைவனத்தில் என்ன மழை என்று கேட்காதீர்கள். ஜூன் முதல் அக்டோபர் வரை இடியோடு கொட்டும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மலையில் பெய்தது காட்டாறாக வந்து சாலையின் தாழ்வான இடங்களில் புரண்டு ஓடும். நம் ஊர்த் தரைப்பாலத்தில் வெள்ளம் போவது போலத்தான், முன்னறிவிப்புக் கொடுக்க ஆள்தான் இருக்காது. காத்திருங்கள், பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். அந்தச் சில மணி நேரத்துக்கும் சேர்த்துத்தான் தண்ணீர்: ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், வண்டியில் கூடுதலாகவும் கொஞ்சம். மே, ஜூனில் ஆற்றோரம் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். குழந்தைகளோடு போவதாக இருந்தால் நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போய்வருவதே சரி.

செல்போனை நம்பிக் கிளம்ப வேண்டாம். பெரும்பகுதியில் சிக்னல் இருக்காது. ஆற்றோரத்தில் மெக்சிகோ கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு ரோமிங் கட்டணம் ஏற்றும். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், காகித வரைபடம் ஒன்றும் கையில் இருக்கட்டும். தூரம் குறைவு என்று சொல்லி உங்களை மண் சாலைக்குள் திருப்பிவிடும் குணம் வழிகாட்டிச் செயலிகளுக்கு உண்டு.

ஆவணங்கள் விஷயம் நம் ஆட்களுக்கு முக்கியம். பூங்காவிலிருந்து வடக்கே வரும் 385, 118 ஆகிய இரண்டு சாலைகளிலும் எல்லைக் காவல்படையின் சோதனைச் சாவடிகள் இருக்கின்றன. நீங்கள் மெக்சிகோ பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்க வேண்டாம், குடியுரிமை கேட்பார்கள். கிரீன் கார்டு இருப்பவர்கள் அட்டையை வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு வராதீர்கள். விசாவில் இருப்பவர்கள் பாஸ்போர்ட், அமெரிக்காவுக்குள் நுழைந்ததைக் காட்டும் ஐ-94 பதிவு எல்லாவற்றையும் கையில் வைத்திருங்கள். பொக்கியாஸ் என்ற இடத்தில் படகில் ஆற்றைக் கடந்து மெக்சிகோ கிராமத்துக்குப் போய்வரலாம். 2013-இல் திரும்பத் திறந்தார்கள். காரைக் கொண்டுபோக முடியாது, வாரத்தின் எல்லா நாளும் திறந்திருப்பதில்லை. திரும்பி வரும்போது ஒரு இயந்திரத்தின் முன் நின்று ஆவணத்தைக் காட்டி, தொலைவில் இருக்கும் அதிகாரியோடு போனில் பேச வேண்டும். விசாவில் இருப்பவர்கள் தங்கள் வழக்கறிஞரிடம் கேட்காமல் அந்தப் படகில் கால் வைக்க வேண்டாம். அக்கரையில் கிடைக்கும் டாக்கோ எவ்வளவு ருசியாக இருந்தாலும் சரி.

கடைசியாக, திரும்பும் நாள். விமானம் மதியத்துக்கு என்றால் அன்று காலை பூங்காவிலிருந்து கிளம்பி மிட்லண்டைப் பிடிப்பது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவதாகிவிடும். முந்தைய நாளே வெளியே வந்து ஃபோர்ட் ஸ்டாக்டனிலோ ஆல்பைனிலோ படுத்துக்கொள்ளுங்கள். எல் பாசோ போகிறவர்களுக்கு மட்டும் ஒரு சின்ன லாபம்: எல் பாசோ மவுண்டன் நேரத்தில் இருக்கிறது, பூங்கா சென்ட்ரல் நேரத்தில். திரும்பும்போது ஒரு மணி நேரம் கையில் கிடைக்கும். வரும்போது அதே ஒரு மணி நேரத்தை இழந்திருப்பீர்கள், அதனால் முதல் நாள் திட்டம் போடும்போது சூரியன் மறையும் நேரத்தை எல் பாசோ கடிகாரத்தில் பார்க்காமல் பூங்காவின் கடிகாரத்தில் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.