‘நம்பியிருந்தோம்’ என்றவர்கள் திரும்பி ஓடிய ராத்திரி

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, அன்பான சபையாரே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

‘விசுவாசிக்கு அதிக நம்பிக்கையும் ஜெயமும் தருவது கிறிஸ்துவின் சிலுவையா, உயிர்த்தெழுதலா?’ இதுதான் இன்றைய தலைப்பு. எதிரணித் தலைவர் சிலுவைக்காகப் பேசினார். சிலுவையில் இயேசு சொன்ன ‘முடிந்தது’ என்ற ஒற்றை வார்த்தையை அவர் விளக்கியபோது என் கண்ணும் கலங்கியது. சிலுவையைக் குறைத்துப் பேச எனக்கு நாவு எழும்பாது. ஆனால் அண்ணன் வெள்ளிக்கிழமை சாயங்காலத்தோடு பேச்சை முடித்துவிட்டார். அங்கேயே கதை முடிந்திருந்தால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும் என்று கேட்கத்தான் நான் வந்திருக்கிறேன்.

அதற்கு என்னைவிட நல்ல சாட்சிகள், இயேசுவின் சீஷர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். லூக்கா 24-ஆம் அதிகாரம். எருசலேமிலிருந்து எம்மாவுக்கு ஏழெட்டு மைல். ஒருவர் பெயர் கிலெயோப்பா, இன்னொருவர் பெயர் வேதத்தில் இல்லை. முகம் வாடி நடந்துபோகிறார்கள். கூடவே ஒருவர் வந்து சேர்ந்துகொண்டு, என்ன பேசிக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்கிறார். அவர் யாரென்று இவர்களுக்குத் தெரியவில்லை. நடந்ததையெல்லாம் சொல்கிறார்கள். 20-ஆம் வசனத்தில் சிலுவை வருகிறது: அவரைச் சிலுவையில் அறைந்தார்கள் என்கிறார்கள். அடுத்த வசனத்தில் என்ன சொல்கிறார்கள்? ‘அவரே இஸ்ரவேலை மீட்டு இரட்சிப்பவர் என்று நம்பியிருந்தோம்.’

நம்பியிருந்தோம்! நம்புகிறோம் என்று சொல்லவில்லை. நம் தமிழில் அந்தக் காலத்துக்கு இறந்தகாலம் என்று பெயர். இலக்கணத்தில் அது கடந்துபோன காலம்தான். ஆனால் அந்தச் சாலையில் அவர்களுடைய நம்பிக்கை நிஜமாகவே இறந்துதான் கிடந்தது. சிலுவையைப் பற்றி அவர்களுக்குத் தெரியாதா? அது நடந்து மூன்று நாள்கூட முழுதாக ஆகவில்லை. நம்மைவிட அவர்களுக்கு அது எவ்வளவு பக்கம்! அந்தச் சிலுவையைச் சுமந்துகொண்டேதான் அவர்கள் நம்பிக்கையில்லாமல் ஊருக்குத் திரும்பினார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கல்லறை காலியாக இருக்கிற செய்திகூட அவர்கள் காதுக்கு வந்துவிட்டது. பெண்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். ‘அவரையோ காணவில்லை’ என்று முடிக்கிறார்கள். செய்தி போதவில்லை. வழியில் கூட வந்த அவரே, உயிரோடு இருக்கிற இயேசுவே, வீட்டுக்குள் வந்து, பந்தியில் உட்கார்ந்து, அப்பத்தைப் பிட்டுக் கொடுத்த பிறகுதான் கண் திறக்கிறது. அப்புறம் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். ‘சாயங்காலமாயிற்று, பொழுதும் போயிற்று, எங்களோடே தங்கியிரும்’ என்று சொன்ன அதே இரண்டு பேர், ‘அந்நேரமே எழுந்திருந்து’ எருசலேமுக்குத் திரும்பிப் போனார்கள். அதே சாலை, அதே ஏழெட்டு மைல், இப்போது இருட்டு வேறு. பகலில் கால் இழுத்து இழுத்து வந்தவர்களை ராத்திரியில் ஓடவைத்தது எது? எதிரணி பதில் சொல்லட்டும்.

எதிரணி அண்ணன், அப்போஸ்தலன் பவுலின் வசனம் ஒன்றை எடுத்துக் காட்டினார். சிலுவையில் அறையப்பட்ட கிறிஸ்துவைத் தவிர வேறொன்றையும் அறியாதிருக்கத் தீர்மானித்தேன் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினாரே என்றார். சரி, எழுதினார், முதலாம் நிருபம் இரண்டாம் அதிகாரம். அந்த நிருபத்தை அங்கேயே மூடிவிடாதீர்கள். பதினைந்தாம் அதிகாரம் வரை வாருங்கள். ‘கிறிஸ்து எழுந்திராவிட்டால், உங்கள் விசுவாசம் வீணாயிருக்கும்; நீங்கள் இன்னும் உங்கள் பாவங்களில் இருப்பீர்கள்.’ அதே கை, அதே நிருபம். சிலுவையில் நம் பாவம் தீர்ந்தது என்று போதித்த பவுலேதான், உயிர்த்தெழுதல் இல்லையென்றால் பாவம் இன்னும் உங்கள் தலைமேல்தான் இருக்கிறது என்கிறார். ரோமருக்கும் அதையே எழுதுகிறார்: நம்முடைய பாவங்களுக்காக ஒப்புக்கொடுக்கப்பட்டார், நாம் நீதிமான்களாக்கப்படுவதற்காக எழுப்பப்பட்டார்.

நகை அடகு வைத்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். கடனைக் கட்டியாயிற்று என்று அப்பா சொல்லுவார். ஆனால் அந்த வளையல் அம்மா கைக்குத் திரும்பி வருகிற நிமிஷம் இருக்கிறதே, அப்போதுதான் வீட்டில் எல்லாருக்கும் மூச்சு வரும். சிலுவையில் கடன் கட்டப்பட்டது. அது செல்லும் என்று பிதா சொன்னது மூன்றாம் நாள் காலையில்.

ரோமர்கள் சிலுவையை ஒருவருக்காகச் செய்யவில்லை. ஸ்பார்ட்டகஸின் அடிமைக் கலகத்தை அடக்கிய பிறகு, கி.மு. 71-இல், கப்புவாவிலிருந்து ரோமாபுரி வரை சாலையோரத்தில் 6,000 பேரைச் சிலுவையில் அறைந்தார்கள். நம் ஆண்டவரோடு அதே நாளில் அதே இடத்தில் இன்னும் இரண்டு பேர் தொங்கினார்கள். அந்த மரத்தை நாம் கோபுரத்தின் உச்சியில் வைக்கிறோம், பிள்ளைகளின் கழுத்தில் போடுகிறோம். அதில் தொங்கியவர் எழுந்ததால்தான் அந்தத் தைரியம் நமக்கு வந்தது.

எதிரணி அக்கா ஒரு கனமான கேள்வி கேட்டார்கள். “உயிர்த்தெழுதல் செத்த பிறகு வரப்போகிறது. இன்றைக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் வலியோடு கிடக்கிறவனுக்கு, தன்னைப்போலவே வலியைப் பட்ட சிலுவை நாதர்தானே ஆறுதல்?” ஆமாம் அக்கா, ஆறுதல்தான். ஆனால் அந்தக் கட்டிலருகில் இப்போது அவர் இருக்கிறார் என்று எந்த வசனத்தை வைத்துச் சொல்லுவீர்கள்? ‘சகல நாட்களிலும் நான் உங்களுடனே கூட இருக்கிறேன்.’ அது கல்லறையிலிருந்து எழுந்தவர் சொன்ன வார்த்தை. சந்தேகப்பட்ட சீஷன் தோமாவுக்குக் காட்டிய கையில் ஆணித் தழும்பு அப்படியே இருந்தது. நம் வலியை அவர் மறந்துவிட்டு எழுந்திருக்கவில்லை. தழும்போடு எழுந்திருக்கிறார்.

ஜெயம் என்ற வார்த்தைக்கு வருகிறேன். நம்மில் பலர் அதை மரணத்தோடு மட்டும் சேர்த்துப் பேசுகிறோம். இயேசுவின் சீஷன் பேதுருவைப் பாருங்கள். பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில் குளிர்காயக் கரிநெருப்பு போட்டிருந்தது. அதன் பக்கத்தில் நின்றுதான், வேலைக்காரப் பெண் கேட்டதற்குப் பயந்து, இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்தான். உடனே சேவல் கூவிற்று. மறுநாள் வெள்ளிக்கிழமை. அந்தப் பாவத்துக்கும் சேர்த்து இரத்தம் சிந்தப்பட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேதுருவுக்கு அதை யார் போய்ச் சொல்லுவது? ‘உன்னை மன்னித்தேன்’ என்று சொல்ல வேண்டியவரே கல்லறைக்குள் இருந்தால், பேதுரு தன் ஆயுசு முழுக்க அந்தச் சேவல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் கிடந்திருப்பான்.

கல்லறையில் இருந்த வாலிபன் பெண்களிடம், சீஷர்களிடத்திற்கும் ‘பேதுருவினிடத்திற்கும்’ போய்ச் சொல்லுங்கள் என்றான். பெயர் சொல்லித் தனியாக! பிறகு திபேரியா கடற்கரையில், விடியற்காலையில், மறுபடியும் ஒரு கரிநெருப்பு. யோவான் அந்த வார்த்தையைக் கவனமாகவே எழுதியிருக்கிறார் என்று நான் நம்புகிறேன். மீன் வெந்துகொண்டிருக்கிறது. ‘வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்’ என்கிறார் எழுந்த இயேசு. திட்டவில்லை. முதலில் சாப்பாடு போட்டார். மூன்று முறை மறுதலித்தவனிடம் மூன்று முறை ‘என்னை நேசிக்கிறாயா’ என்று கேட்டார். தன் ஆடுகளையே அவன் கையில் கொடுத்தார். வேலைக்காரப் பெண்ணுக்குப் பயந்த அதே மனிதன், பெந்தெகொஸ்தே நாளில் அதே எருசலேமில் நின்று பேசினான். 3,000 பேர் சேர்க்கப்பட்டார்கள். வெட்கத்தில் புதைந்து கிடந்தவன் எழுந்து நின்றான். இதைத்தான் நான் ஜெயம் என்கிறேன்.

இந்த ஜெயம் கடைசி நாளில் எப்படி இருக்கும்? ஜெர்மனியில் டீட்ரிக் போனோஃபர் என்ற லுத்தரன் போதகர் இருந்தார். ஹிட்லரை எதிர்த்து இரண்டு வருஷம் சிறையில் கிடந்தவர். 1945-இல் ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, ஏப்ரல் 8. ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் அடைபட்டிருந்த கைதிகள் கேட்டுக்கொண்டதால் சின்ன ஆராதனை நடத்தினார். அன்றைக்குரிய வசனங்கள் இரண்டு. ஒன்று ஏசாயா 53: ‘அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்.’ இன்னொன்று 1 பேதுரு 1: இயேசுகிறிஸ்து மரித்தோரிலிருந்து எழுந்ததினாலே உண்டாகும் ‘ஜீவனுள்ள நம்பிக்கை’. ஜெபம் முடிந்த கையோடு ஆட்கள் வந்து அவரைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டது எதற்கு என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். கூட இருந்த ஆங்கிலேய அதிகாரியிடம், “இது முடிவு; எனக்கோ வாழ்வின் தொடக்கம்” என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் தூக்கிலிட்டார்கள். வயது 39. எதிரணியின் வசனமும் அவரிடம் இருந்தது, எங்கள் வசனமும் இருந்தது. கதவைத் தாண்டும்போது அவர் வாயில் வந்தது எது என்று நீங்களே பாருங்கள், நடுவர் ஐயா.

கடைசியாக எங்கள் ஆச்சியைப் பற்றிக் கொஞ்சம். தாத்தா போனபோது எனக்குப் பத்து வயது. அதற்கப்புறம் ஒவ்வொரு ஈஸ்டருக்கும் நாலு மணிக்கே என்னை எழுப்பி, கையில் மெழுகுவர்த்தி கொடுத்து, கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போவாள். இருட்டில் ஊரே அங்கே நின்று பாடும். பெரிய வெள்ளி ஆராதனையில் மூன்று மணி நேரமும் முந்தானையால் கண்ணைத் துடைக்கிற ஆச்சி, அந்த விடியலில் தாத்தா கல்லறையில் நின்று ஒரு சொட்டு அழுது நான் பார்த்ததில்லை.

தாத்தாவுக்குக் கல் வைத்தபோது கல்தச்சர் வழக்கப்படி ‘தோற்றம்’, ‘மறைவு’ என்று கரியால் எழுதிவைத்திருந்தார். ஆச்சிக்கு நாலாம் வகுப்புப் படிப்புதான். எழுத்துக் கூட்டி வாசித்தாள். “மறைஞ்சு போகல அய்யா, தூங்குறாங்க. அதை மாத்துங்க” என்றாள். உளி வைக்கிறதுக்கு முன்னாலேயே அந்த மனிதர் அதை அழித்துவிட்டு, ‘கர்த்தருக்குள் நித்திரை’ என்று எழுதினார். போன வருஷம் அதே கல்லில் ஆச்சியின் பெயருக்குக் கீழேயும் அதே வார்த்தையைத்தான் வெட்டியிருக்கிறோம். வருகிற ஈஸ்டருக்கு என் மகளை நாலு மணிக்கு எழுப்பவேண்டும். நன்றி, ஸ்தோத்திரம்.