திடீர் இதய மரணமும் இன வேறுபாடும்

நேயர்களுக்கு வணக்கம்.

முப்பதைத் தாண்டாத, நோய்நொடி இல்லாத ஆண். சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறார். நள்ளிரவில் ஒரு முனகல், அப்புறம் பேச்சுமூச்சில்லை. பிலிப்பைன்ஸில் இதற்குப் பங்குங்கொட் என்று பெயர், தாய்லாந்தில் லாய் தாய், ஜப்பானில் பொக்குரி. விதவைப் பேய் ஆண்களைத் தூக்கிப் போகிறது என்று பயந்து, வடகிழக்குத் தாய்லாந்தில் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு படுத்தவர்கள் உண்டு.

பேய் எங்கே இருக்கிறது என்பதை ஈ.சி.ஜி. காட்டிக்கொடுத்தது. 1992-இல் இதய மருத்துவர்களான புருகாடா சகோதரர்கள் விவரித்த கோளாறு இது. இதயச் செல்லுக்குள் சோடியம் நுழையும் வாயில் சரியாக வேலை செய்யாததால், துடிப்பு திடீரெனத் தாறுமாறாகிவிடுகிறது. தென்கிழக்கு ஆசிய ஆண்களிடம் இது அதிகம்.

சரி, எல்லாம் ரத்தத்தில் இருக்கிறது என்று இங்கேயே முடித்துவிடத் தோன்றும். அமெரிக்கக் கணக்குகள் முடிக்க விடுவதில்லை.

அங்கே திடீர் இதய மரணம் வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதே சோடியம் வாயிலின் ஒரு மரபணு மாற்றம் அவர்களில் 100-க்குச் சுமார் 13 பேரிடம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்த மாற்றம் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுக்க ஒன்றும் ஆவதில்லை. ஆயிரக்கணக்கானோரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்த ஓர் ஆய்வு 2019-இல் வெளிவந்தது. இந்த வேறுபாட்டின் பெரும்பகுதிக்கு வருமானம், படிப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவையே காரணம் என்று அது கண்டது. அவற்றில் முதலிடம் குடும்ப வருமானத்துக்கு.

இதயம் நின்ற பிறகு நடப்பதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. மூளைக்கு ரத்தம் போகாத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பைத் தின்கிறது. ஆம்புலன்ஸ் வரும்வரை யாராவது நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். சிகாகோவில் 1980-களின் இறுதியில் எடுத்த கணக்கில், இப்படி விழுந்த வெள்ளையரில் 100-க்கு 2.6 பேர் பிழைத்தார்கள். கறுப்பினத்தவரில் 100-க்கு ஒருவர்கூடத் தேறவில்லை, 0.8 பேர்தான்.

அது பழைய கதை என்று தள்ளவும் முடியாது. பிறர் கண்ணெதிரே விழுந்தவர்களைப் பற்றி 2022-இல் வந்த ஆய்வைப் பாருங்கள். பொது இடத்தில் விழுந்த வெள்ளையரில் 60 சதவீதம் பேருக்கு அருகில் இருந்தவர்கள் நெஞ்சை அழுத்தினார்கள். கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர் (லத்தீன் அமெரிக்க வழிவந்தவர்கள்) என்றால் 45.6 சதவீதம். அவர்களே பெரும்பான்மையாக வாழும் பகுதிகளிலும் அந்த இடைவெளி மறையவில்லை. பயிற்சி வகுப்புகள் அங்கே குறைவு. அவசர அழைப்பை எடுப்பவரின் மொழி புரியாத வீடுகளும் உண்டு. சோடியம் வாயிலுக்கு இதில் வேலையே இல்லை.

நன்றி, வணக்கம்.