ஒரே கோட்டை, இரண்டு அரசர்கள்

நேயர்களுக்கு வணக்கம். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பேசிப் பேசியே ஒரு கதையை நடத்தும் விளையாட்டு ஒன்று உண்டு. 1974-இல் அமெரிக்காவில் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்று வெளியானது. இன்று என்னோடு வேலூர்ப் பிள்ளைகளும் ஆடுகிறார்கள்.

இரண்டு அரசர்களை உருவாக்கச் சொன்னால் பலரும் ஒருவரை நல்லவர், இன்னொருவரைக் கெட்டவர் என்று எழுதிவிடுகிறார்கள். அப்புறம் ஆட்டத்தில் என்ன சுவாரசியம்? அவர்கள் வாய் திறக்கும் முன்பே பேச்சு தெரிந்துவிடுகிறதே! இருவருக்கும் ஒரே இழப்பைக் கொடுங்கள். அதைச் சுமக்கும் விதத்தில் வேறுபாடு வரட்டும்.

நம் வேலூர்க் கோட்டையையே பாருங்கள். ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் திப்புவின் குடும்பத்தை இங்கேதான் வைத்திருந்தார்கள். 1806 ஜூலை 10 விடிவதற்குள் சிப்பாய்கள் எழுந்தார்கள். திப்புவின் கொடி ஏறியது. மூத்த மகன் ஃபத்தே ஹைதரை அரசர் என்று அறிவித்தார்கள். அன்றே ஆற்காட்டிலிருந்து வந்த குதிரைப்படை கோட்டையைத் திரும்பப் பிடித்தது. குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள்.

சில ஆண்டுகளில் அதே கோட்டைக்குக் கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கைதியாக வந்தார். அவருக்காக எந்தக் கொடியும் இங்கே ஏறவில்லை. 1832-இல் காலமாகும்வரை காவலில்தான் இருந்தார். பாலாற்றங்கரையில் முத்து மண்டபத்தில் அவர் நினைவிடம் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

சரி, இவர்களை அப்படியே எடுக்க வேண்டாம், பெயர் மாற்றுங்கள், கற்பனை நாடு கொடுங்கள். ஒருவனுக்கு விடியலில் கிரீடம் வந்து மாலைக்குள் போய்விட்டது. யாருடைய காலடிச் சத்தம் கேட்டாலும் அவன் எழுந்து நிற்பான். இன்னொருவனுக்கு அது திரும்பி வரவே இல்லை. அவன் காவலாளியின் பிள்ளைகள் பெயரெல்லாம் தெரிந்து வைத்திருப்பான். சிறை ஒன்றுதான், இழப்பும் ஒன்றுதான். இருவரையும் ஒரே அறையில் உட்கார வையுங்கள், கதை தானே நடக்கும்!

ஆட்டத்தில் அவர்களை எப்படி அறிமுகம் செய்வது? நம் ஊர்க் கூத்திடம் கேளுங்கள். இரண்டு பேர் திரை பிடிக்க, அரச வேஷக்காரர் பின்னால் நின்று பாடி வெளியே வருவார். கட்டியங்காரன் அவரை யாரென்று கேட்பான். என் மேசையிலும் அதே கேள்விதான். துரியோதனன் வேஷமும் தருமர் வேஷமும் கட்டினவர்கள் ஒரே குலத்துக்குத்தான் பதில் சொல்கிறார்கள், ஆனால் குரலே வேறு. பாத்திரத்தின் பலத்தையும் திறமையையும் குறிக்கும் எண்களைப் பிறகு எழுதலாம், முதலில் அந்தப் பதில்.

அரசிகளைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன், நேரம் ஆகிவிட்டதாகக் கை காட்டுகிறார்கள். ஹைதர் அலியின் மனைவி பக்ஷி பேகத்தின் சமாதியும் வேலூரில்தான் இருக்கிறது. அடுத்த ஆட்டத்துக்கு ஒரு ராஜமாதா வேண்டுமென்றால் அங்கே தொடங்குங்கள். வணக்கம்.