பனிக்காலத்து நோவ்கொரோடும் ஒரு சிறுவனின் கிறுக்கலும்

நேயர்களுக்கு வணக்கம். கையில் காசு குறைவு, ஆனால் ரஷ்யாவில் பழைய ஊர் ஒன்றைப் பார்த்தே ஆக வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது ஒரே பெயர்தான். வெலிக்கி நோவ்கொரோட். அதுவும் பனிக்காலத்தில் போங்கள் என்பேன்.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து மின்சார ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். நான் போனது டிசம்பர் கடைசியில். பலர் சேர்ந்து தங்கும் அறையில் ஆறு கட்டில், ஆள் நான் மட்டும். சாப்பாட்டுக்கு 'ஸ்தலோவயா' இருக்கிறது. தட்டை ஏந்தி வரிசையில் நகர்ந்து வேண்டியதைக் கேட்டு வாங்கும் சாதாரணச் சாப்பாட்டுக் கூடம். சுடச்சுட பீட்ரூட் சூப், கறுப்பு ரொட்டி, டீ. வயிறு நிறைந்துவிடும்.

ஆனால் பகல் மிகச் சின்னது. காலை பத்து மணியை ஒட்டித்தான் விடிகிறது, மாலை நாலு மணிக்கெல்லாம் இருட்டு. அதனால் வெளிச்சம் இருக்கும்போதே கோட்டைக்குப் போய்விடுங்கள். செங்கல் மதில் சூழ்ந்த அந்தக் கோட்டைக்குள் நடக்கச் சீட்டு வேண்டாம். உள்ளே புனித சோபியா பேராலயம், 1045-லிருந்து 1050 வரை கட்டியது. நடுக் குவிமாடத்துச் சிலுவையின் மேல் ஒரு புறா உட்கார்ந்திருக்கும், உலோகப் புறா. பக்கத்திலேயே மணி வடிவத்தில் ரஷ்யாவின் ஆயிரமாண்டு நினைவுச் சின்னம், 1862-இல் வைத்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜெர்மானியர்கள் அதைப் பிரித்துப் போட்டார்கள். 1944-இலேயே மறுபடி நிறுத்திவிட்டார்கள்.

சரி, இருட்டிவிட்டது, குளிர் மூக்கைக் கடிக்கிறது. எங்கே போவது? அதே கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு. இதற்காகத்தான் பனிக்காலம் என்கிறேன். கோடையில் போயிருந்தால் அரை மணியில் வெளியே வந்திருப்பேன். குளிருக்குப் பயந்து உள்ளேயே நின்றதால்தான் அந்தப் பட்டைகளைப் பார்த்தேன்.

பிர்ச் என்ற மரத்தின் பட்டையில் அந்த ஊர்க்காரர்கள் கடிதம் எழுதியிருக்கிறார்கள். மை கிடையாது. எலும்பிலோ இரும்பிலோ செய்த எழுத்தாணியால் கீறியது. முதல் பட்டை 1951 ஜூலை 26-இல், தொல்லியலாளர் அர்த்சிகோவ்ஸ்கியின் குழு தோண்டியபோது நீனா அகூலோவா என்ற பெண்ணின் கையில் கிடைத்தது. இன்றுவரை ஆயிரத்து நூற்றுக்கும் மேல். காற்றுப் புகாத ஈர மண் அவற்றை மக்காமல் காப்பாற்றியிருக்கிறது. கடன் பாக்கி, சண்டை, 'என்னைக் கட்டிக்கொள்' என்று மிகீதா என்பவன் உல்யானித்சா என்ற பெண்ணுக்கு எழுதியது, எல்லாம் இருக்கிறது. ராஜாவின் கல்வெட்டு அல்ல, நேயர்களே. வீட்டுப் பேச்சு.

அதில் ஒன்ஃபிம் என்ற சிறுவன். பதின்மூன்றாம் நூற்றாண்டு, வயது ஆறோ ஏழோ இருக்கும் என்கிறார்கள். எழுத்துப் பழக உட்கார்ந்தவன் ரஷ்ய அகரவரிசையில் 'க' வரை வந்ததும் நிறுத்திவிட்டு, குதிரை வீரன் ஒருவன் எதிரியைக் குத்துவது போலப் படம் போட்டிருக்கிறான். பக்கத்தில் தன் பெயர். அவன் போடும் மனிதர்களுக்குக் கையில் விரல் மூன்றும் இருக்கும், நாலும் இருக்கும். இன்னொரு பட்டையில் வாலை முறுக்கிய ஒரு மிருகம், 'நான் காட்டு மிருகம்' என்று எழுத்தோடு. அதிலேயே 'தானிலாவுக்கு ஒன்ஃபிமின் வணக்கம்'. தானிலா அவனுடைய சிநேகிதனாக இருக்க வேண்டும். எழுநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய கை அது! அந்தக் கோடுகளின் முன்னால் எவ்வளவு நேரம் நின்றேனோ. காவலுக்கு இருந்த பாட்டி வந்து, பேசாமல், ஒரு நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்து மறுபடியும் பார்த்தேன்.

நிகழ்ச்சி நேரம் ஆகிவிட்டது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். ஆற்றுக்கு அக்கரையில் இயேசுவின் உருமாற்ற ஆலயம் இருக்கிறது, 1378-இல் கிரேக்கரான தியோஃபனிஸ் வரைந்த சுவரோவியங்கள். நடைபாலத்தில் கடந்து போய்விடலாம். அப்புறம், காலுறை இரண்டு ஜோடி, வழுக்காத அடி உள்ள பூட்ஸ். காது மூடும் தொப்பி இல்லாமல் போகாதீர்கள். வணக்கம்.