ஆட்சி சிறுநீரகத்தின் கையில்

நடுவர் ஐயா அவர்களே, திருவிழாச் சனத்துக்குள்ளும் இடம் பிடித்து இருக்கிற சபையோரே, வணக்கம்.

உடலை ஆள்வது மூளையா, இருதயமா, சிறுநீரகமா? இதுதான் வழக்கு. மூளை அணித் தங்கச்சி, கட்டளை போடுகிறவர்தான் தலைவர் என்றார். இருதய அணி அண்ணர், நாளுக்கு இலட்சம் தரம் துடிக்கிறோம் என்று கணக்குக் காட்டினார். அதோடு விட்டாரா? "சலம் போகிற குழாய்க்கும் ஒரு அணியா?" என்று கேட்டு உங்களைச் சிரிக்கவும் வைத்தார்.

சரி அண்ணர், உங்கள் இருதயம் தள்ளுகிற குருதியில் ஐந்தில் ஒரு பங்கு எங்கே போகிறது? இரண்டும் சேர்ந்து 300 கிராம் அளவே வருகிற எங்கள் சிறுநீரகங்களுக்கு. நிமிடத்துக்கு ஒரு லீற்றருக்கு மேல். வெறும் குழாய்க்கு இவ்வளவு படியளப்பீர்களா?

உள்ளே நடப்பதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிசனரியான கிறீன் வைத்தியர் மேலை மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்த மண் இது. ஆகவே தமிழிலேயே சொல்கிறேன். ஒரு சிறுநீரகத்தில் சுமார் 10 இலட்சம் சிறுநீரகத்திகள், அதாவது நுண்ணிய வடிகட்டும் அலகுகள். ஒவ்வொன்றின் முனையிலும் மெல்லிய குருதிக் குழாய்களின் சிறு முடிச்சு. அங்கே அமுக்கத்தால் நீர், உப்பு, குளுக்கோசு, யூரியா எல்லாம் வடிந்து இறங்கும்; செங்குழியங்களும் பெரிய புரதங்களும் குருதியிலேயே நிற்கும். இப்படி வடிவது நாளுக்கு 180 லீற்றர்! சலமாக வெளியேறுவதோ ஒன்றரை லீற்றர் அளவுதான். பொங்கலுக்கு முதல் அம்மா வீட்டுச் சாமான் முழுவதையும் முற்றத்தில் இறக்கி, வேண்டியதை மட்டும் திரும்ப உள்ளே எடுப்பாவே, அந்த வேலைதான். கழிவைத் தேடிப் பிடித்து எறிவதல்ல. எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, எதை வைத்திருப்பது என்று தீர்மானிப்பது.

அந்தத் தீர்மானத்துக்கும் மூளையின் ஓமோன் வேண்டும் என்று தங்கச்சி எழும்புவார். உண்மைதான், நீரை மீட்கச் சொல்லும் ஓமோன் மூளைப் பக்கமிருந்துதான் வருகிறது. ஆனால் ஒரு போத்தல் கள்ளு உள்ளே போனதும் அந்த ஓமோன் குறைந்து, சலம் கூடிவிடும். குடித்தவர் பனையடிக்கும் வேலிக்கும் நடந்து களைக்கிறார். கள்ளுக்கே கட்டளை மாற்றுகிறவரைத் தலைவர் என்கிறீர்கள்.

எங்கள் பக்கமிருந்தும் கட்டளை போகிறது, ஐயா. குருதி அமுக்கம் இறங்கினால் ரெனின் என்ற நொதியத்தைச் சுரந்து அதை ஏற்ற வழி செய்வது சிறுநீரகம். ஒட்சிசன் குறைந்தால் எரித்திரோபொயிற்றின் என்ற ஓமோனை அனுப்பி, எலும்பு மச்சையைச் செங்குழியம் செய்ய வைப்பதும் சிறுநீரகம். போதனா வைத்தியசாலையில் டயலிசிஸ் செய்கிறவர்களைப் பாருங்கள். ஒவ்வொரு தரமும் நாலு மணித்தியாலம் அளவில் இயந்திரம் குருதியைச் சுத்திகரிக்கும். ஆனால் இந்த ஓமோனை அதனால் செய்ய முடியாது. அதனால்தான் பலருக்கு அதை ஊசியாகப் போடவேண்டி இருக்கிறது.

"ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாலும் ஆள் உயிரோடு இருப்பாரே, அது என்ன தலைமை?" என்றும் கேட்டார்கள். 1954இல் பொஸ்டனில் ஒருவர் தன் இரட்டைச் சகோதரனுக்குக் கொடுத்தார். கொடுத்தவர் அதன் பிறகும் பல பத்தாண்டுகள் வாழ்ந்தார். இருக்கிற ஒன்று சற்றுப் பருத்து மற்றதன் வேலையையும் எடுத்துக்கொள்ளும். மூளையில் பாதியை யாரும் தானம் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

மணி அடித்துவிட்டார்கள், ஒரு நிமிடம் தாருங்கள் ஐயா. சிறுநீரகம் பழுதான ஒருவர் இந்த வெயிலுக்கு இளநீர் கேட்டால், வைத்தியர் பெரும்பாலும் வேண்டாம் என்பார். அதில் பொற்றாசியம் அதிகம். எங்களுக்கு அது பொருட்டே இல்லை, சிறுநீரகம் மிச்சத்தைச் சலத்தில் விட்டுவிடும். அவருக்கோ அது குருதியில் ஏறும். அளவு மிஞ்சினால் அடைப்பே இல்லாத இருதயமும் தாளம் தவறி நின்றுபோகலாம். அடுத்து எழும்புகிற இருதய அணிக்காரர் இதற்கு மட்டும் மறுமொழி சொல்லட்டும்: அந்தப் பொற்றாசியத்தை வெளியேற்ற உங்கள் இருதயத்திடம் என்ன வழி இருக்கிறது?