அட்வான்ஸ் திரும்பி வரும் வழி

நேயர்களுக்கு வணக்கம்.

ஜூன், ஜூலை மாதங்களில் திருவல்லிக்கேணிப் பக்கம் போனால், தோளில் பையும் கையில் கைப்பேசியுமாக மாடிகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடக்கும் பிள்ளைகளைப் பார்க்கலாம். 1857-ல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகமும், அதற்கும் மூத்த மாநிலக் கல்லூரியும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. பெரிய தெரு, பாரதி சாலை, ஜாம்பஜார், மாட வீதிகள் என்று எங்கே திரும்பினாலும் 'டு லெட்' பலகையோ மேன்சன் பலகையோ கண்ணில் படும். அந்தப் பிள்ளைகளுக்காகவும், ஊரிலிருந்து பணம் அனுப்பும் பெற்றோருக்காகவும்தான் இந்த உரை.

எல்லோரும் முதலில் கேட்பது வாடகை எவ்வளவு என்று. நான் அட்வான்ஸைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வாடகை, தங்கியதற்கான விலை, கொடுத்தால் கொடுத்ததுதான். அட்வான்ஸ் கடைசிவரை உங்கள் பணம். நகையை அடகு வைத்தோ, வட்டிக்கு வாங்கியோ அனுப்பிய பணமாக இருக்கும். காலி செய்யும் நாளில் அதில் பாதிதான் கைக்கு வருகிறது என்றால், பெரும்பாலும் அந்தப் பாதி போனது குடிபுகுந்த அன்றைக்கே. எழுதாமல் விட்டது, படம் எடுக்காமல் விட்டது, கேட்காமல் விட்டது.

அதற்கும் முன்னால் ஒன்று. உங்கள் துறை எந்த வளாகத்தில் நடக்கிறது என்று சேர்க்கைக் கடிதத்தில் பாருங்கள். சென்னைப் பல்கலைக்கழகம் என்றால் சேப்பாக்கம் மட்டும் இல்லை. கடற்கரைச் சாலையில் மெரினா வளாகம் இருக்கிறது. அறிவியல் துறைகள் பலவும் கிண்டி வளாகத்தில் இருக்கின்றன. அடிப்படை மருத்துவ அறிவியல் துறைகள் தரமணியில். தரமணிக்குத் திருவல்லிக்கேணியிலிருந்து பறக்கும் ரயிலில் நேராகப் போய்விடலாம். கிண்டிக்கு அந்த வசதி இல்லை. இது தெரியாமல் இங்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, வகுப்பு தொடங்கிய பிறகு மாறப் பார்ப்பவர்கள், இடத்தைப் பிடித்து வைக்கக் கொடுத்த டோக்கன் அட்வான்ஸையும் ஒரு மாத வாடகையையும் விட்டுவிட்டுப் போக நேர்கிறது.

இங்கே கிடைப்பவை மூன்று வகை. மேன்சன் என்பது ஆண்களுக்கான தனி அறைகள் கொண்ட கட்டடம். ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு மின்விசிறி போட்டால் நிரம்பிவிடும் அறை. பெரும்பாலும் தளத்துக்குப் பொதுவான குளியலறை. அட்வான்ஸ் குறைவு, சேர்வதும் போவதும் எளிது. ஒப்பந்தம் எழுதுவது அரிது, எல்லாம் பேரேட்டுப் பதிவும் ரசீதும்தான். ஆகவே அந்த ரசீதில் 'அட்வான்ஸ்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் 'பெற்றுக்கொண்டது' என்று எழுதியிருந்தால், பிறகு அது முதல் மாத வாடகையாகக் கணக்குக் காட்டப்படலாம்.

பெண்களுக்கு விடுதிகள். 2014-ல் வந்த தமிழ்நாடு மகளிர், குழந்தைகள் விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பெண்கள் விடுதிக்கு மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டும். உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். சாப்பாட்டுக் கட்டணம் தனியா சேர்த்தா, விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாதத்திலும் முழுக் கட்டணமா என்பதை முதல் நாளே கேளுங்கள்.

மூன்றாவது, மூன்று நான்கு பேர் சேர்ந்து எடுக்கும் போர்ஷன், அதாவது ஒரு வீட்டின் தனிப் பகுதி. பணம் அதிகம் சிக்குவது இங்கேதான் என்பதால் இனி நான் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இதைப் பற்றியே.

வீடு பார்க்கப் போகிறவர்கள் புரோக்கர் சொன்ன மாலை நேரத்தில் போகிறார்கள். காலை ஏழு மணிக்குப் போங்கள். குழாயில் தண்ணீர் எந்த வேகத்தில் வருகிறது, குளியலறைக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். மெட்ரோ வாட்டர் எந்த நேரத்துக்கு வருகிறது, நிலத்தடித் தொட்டியான சம்ப்பில் விழுகிறதா, அடிபம்பில் அடித்துப் பிடிக்க வேண்டுமா என்று கேளுங்கள். பழைய தெருக்களில் இன்னும் அடிபம்பு உண்டு. பிடிக்கிற நேரத்தில் வகுப்பு இருந்தால் அன்றைக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. போர்வெல் தண்ணீரை ஒரு வாய் வைத்துக் கொப்பளித்துப் பாருங்கள். கடல் பக்கத்தில் இருப்பதால் சில தெருக்களில் உப்புக் கரிக்கும். கேன் தண்ணீர் வாங்குவதானால் கேனில் குடிநீருக்கான ஐ.எஸ். 14543 என்ற தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு சுவர். ஜூன் மாதத்தில் பார்க்கிற வீடு உலர்ந்து, புதுச் சுண்ணாம்போடு அழகாக இருக்கும். ஐப்பசி அடைமழையில்தான் மரச்சட்டத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் அடுக்கி மெட்ராஸ் டெரஸ் போட்ட பழைய கூரை தன் குணத்தைக் காட்டும். ஆகவே கூரையின் மூலைகளில் பழுப்பு வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். தரையிலிருந்து மூன்றடி உயரம்வரை சுவரில் பெயின்ட் பொருக்குத் தட்டியிருந்தாலோ வெள்ளையாக உப்புப் பூத்திருந்தாலோ, அது அடியிலிருந்து ஏறும் ஈரம். எத்தனை முறை வெள்ளையடித்தாலும் திரும்ப வரும். ஒரு பக்கத்துச் சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ட் என்றால் ஏன் என்று கேளுங்கள். இந்த ஈரம் உங்கள் புத்தகங்களைக் கெடுக்கும் என்பது ஒருபுறம் இருக்க, காலி செய்யும்போது 'சுவரைப் பாழாக்கிவிட்டீர்கள்' என்று உங்கள் கணக்கில் ஏறும் என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

யாருக்கு வீடு தருகிறோம் என்று வீட்டுக்காரர்கள் துருவித் துருவிக் கேட்பார்கள். பேச்சலர் வேண்டாம் என்பார்கள். மாட வீதிப் பக்கம் சைவம் மட்டும் என்பார்கள். சாதி, மதம் கேட்பவர்களும் உண்டு. படிக்க வந்த பிள்ளையை வாசலிலேயே நிறுத்தி இதைக் கேட்பது தவறு, அதைத் தவறு என்று சொல்லத்தான் வேண்டும். ஆனால் அட்வான்ஸைக் காப்பாற்றும் நோக்கில் சொல்வதானால், நிபந்தனை எதையும் மறைத்துக் குடிபோகாதீர்கள். மூன்றாம் மாதம் தெரியவந்து உடனே காலி செய்யச் சொன்னால், பேரம் பேசும் பலம் உங்களிடம் இருக்காது.

அவர்கள் உங்களை விசாரிப்பது போல் நீங்களும் விசாரிக்க வேண்டும். பேசுகிறவர் உண்மையிலேயே வீட்டுக்காரரா? வீட்டை வாடகைக்கு எடுத்த ஒருவர், தானே சொந்தக்காரர் போல் மாணவர்களிடம் பெரிய அட்வான்ஸோ போக்கியப் பணமோ வாங்கிக்கொண்டு மறைந்துவிடும் மோசடி பழக்கமான ஒன்று. சொத்து வரி ரசீதையும் ஈபி அட்டையையும் காட்டச் சொல்லுங்கள். இரண்டிலும் உள்ள பெயர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறவர் பெயரோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் அந்தப் பெயருக்கு உரியவர் எழுதிக் கொடுத்த அதிகாரக் கடிதம் வேண்டும். அட்வான்ஸை ரொக்கமாகத் தராமல், அந்தப் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். குறிப்பில் 'அட்வான்ஸ்' என்று எழுதுங்கள்.

எவ்வளவு கொடுக்கலாம்? சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்பது நெடுங்காலப் பழக்கம். 2019 பிப்ரவரி 22-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது. 'வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில்' என்ற சொற்களைக் கவனியுங்கள். பத்து மாதம் தருகிறேன் என்று நீங்களே கையெழுத்துப் போட்டுவிட்டால் சட்டம் உங்களுக்கு உதவாது. ஆகவே பேரத்தைக் கையெழுத்துக்கு முன்னால் நடத்துங்கள். அதே சட்டப்படி, காலி செய்த ஒரு மாதத்துக்குள் கழிவு போக மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

ஒப்பந்தத்தைப் பதினொரு மாதத்துக்கு எழுதிக் கையில் வைத்துக்கொள்வது வழக்கம். ஓராண்டைத் தாண்டினால் பழைய பதிவுச் சட்டப்படி பத்திரப் பதிவு வேண்டும் என்பதால் வந்த பழக்கம் அது. புதிய சட்டத்தில் கால அளவு எதுவானாலும், அதற்கென நியமிக்கப்பட்ட அரசு அலுவலரான வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இணையத்திலேயே பதியலாம், ஒரு பதிவு எண் வரும். வீட்டுக்காரர் எழுதவே மாட்டேன் என்றால், பேசி முடித்த அத்தனையையும் அன்று இரவே வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பி, 'சரி' என்று ஒரு பதிலாவது வாங்கிவிடுங்கள். ஒப்பந்தத்துக்கு ஈடாகாது, ஆனால் ஒன்றுமில்லாததைவிட எவ்வளவோ மேல்.

ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடும் வரி பெயின்டிங் சார்ஜ். காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயின்டிங்குக்காகப் பிடிப்பது ஊர் வழக்கமாகிவிட்டது. சட்டத்தின் இரண்டாம் அட்டவணை வெள்ளையடிப்பதையும், கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதையும், குழாய் மாற்றுவதையும், மின் வயரிங்கையும் வீட்டுக்காரர் பொறுப்பில் வைக்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, அடைத்துக்கொண்ட சாக்கடை, ஜன்னல் கண்ணாடி போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. சாதாரணத் தேய்மானத்துக்குக் குடியிருப்பவர் பொறுப்பில்லை. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதினால்தான் இது மாறும். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் தொகையையாவது குறிப்பிடச் சொல்லுங்கள்.

ஈபி கணக்கு இன்னொரு ஓட்டை. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பார்கள். முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால், 100-க்கு மேல் கிடைத்த குறைந்த விலைப் படி போய்விடும். ஐந்நூற்றொன்றாவது யூனிட் முந்தைய யூனிட்டுகளின் விலையையும் சேர்த்து ஏற்றிவிடுகிறது. இரண்டு கிலோவாட் வாட்டர் ஹீட்டர் அரைமணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். மூன்று பேர் தினம் ஆளுக்கு அரைமணி நேரம் போட்டால் இரண்டு மாதத்தில் அதற்கே 180 யூனிட். உங்களுக்கெனத் தனி மீட்டரா, அல்லது ஒரே இணைப்பில் சப்-மீட்டரா என்று கேளுங்கள். சப்-மீட்டர் என்றால் பல குடித்தனங்களின் யூனிட் ஒன்றாகக் கூடி எல்லோரையும் மேல் படிக்குத் தள்ளும். யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலை சொல்வார்கள். அப்போது வாரியத்தின் பில்லைக் காட்டச் சொல்லிப் பங்கிடுவதே நியாயம் என்று வாதிடுங்கள். எப்படியானாலும், சாவி வாங்கிய அன்றே மீட்டர் ரீடிங்கைத் தேதி தெரியப் படம் எடுத்து அவருக்கு அனுப்பிவிடுங்கள். முந்தைய குடித்தனக்காரர் பாக்கி உங்கள் தலையில் விழாது.

இனி நண்பர்களுக்குள் வரும் சிக்கல். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் நட்பு முறிவது இதில்தான். வாடகை 15,000, அட்வான்ஸ் 45,000, மூன்று பேருக்கும் தலா 15,000 என்று வைத்துக்கொள்வோம். எட்டாம் மாதத்தில் ஒருவர் போகிறார்; புதிதாக வருகிறவர் அவருக்கு 15,000 கொடுத்துவிட்டு அந்த இடத்தில் சேர்கிறார். இரண்டு வருடம் முடிந்து காலி செய்யும்போது பெயின்டிங் என்று 15,000 பிடித்துக்கொள்கிறார்கள். எட்டு மாதம் இருந்துவிட்டுப் போனவர் முழுப் பணத்தோடு போய்விட்டார். பதினாறு மாதமே இருந்தவர், இருபத்துநான்கு மாதம் இருந்தவர்களுக்குச் சமமாக நஷ்டப்படுகிறார்.

சரியான கணக்கு இது. 15,000-ஐ 24 மாதத்தால் வகுத்தால் மாதம் 625. ஆளுக்கு ஏறக்குறைய 208. எட்டு மாதம் இருந்தவருக்கு 1,667 கழித்து 13,333 கொடுத்தால் போதும். புதியவர் போட்டது 13,333, அவர் பங்குத் தேய்மானம் 3,333. முதலிலிருந்து இருந்தவர்கள் போட்டது 15,000, தேய்மானம் 5,000. கடைசியில் திரும்பி வரும் 30,000-ல் மூவருக்கும் தலா 10,000. இதை ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆள் மாறும்போதெல்லாம் வீட்டுக்காரருக்கும் எழுத்தில் தெரிவித்துச் சம்மதம் வாங்குங்கள். அவர் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விட்டதாகச் சொல்லிக் காலி செய்ய வைக்கச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது.

வாடகையைக் குறித்த தேதியில் வங்கி வழியே அனுப்பி, 'ஜூலை வாடகை' என்று மாதப் பெயர் போடுங்கள். ரொக்கம் என்றால் ரசீது. இடையில் தகராறு வந்து தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தினால், அது சட்டத்துக்குப் புறம்பு. வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். 'மீதி மாதங்களை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்' என்று நீங்களாக வாடகையை நிறுத்தாதீர்கள். பாக்கி வைத்தவர் என்ற பெயர் உங்களுக்கு வந்துவிடும்.

காலி செய்வதை ஒப்பந்தத்தில் உள்ளபடி ஒரு மாதமோ இரண்டு மாதமோ முன்னால் எழுத்தில் சொல்லுங்கள். வீட்டை அவர் வந்து பார்க்கும்போது, குடிபுகுந்த நாளில் எடுத்த படங்கள் கையில் இருக்கட்டும். எதற்கு எவ்வளவு பிடிக்கிறார் என்பதை ஒரு தாளில் வரிவரியாக எழுதச் சொல்லுங்கள். கடைசி மீட்டர் ரீடிங்கைப் படம் எடுத்து, அதுவரைக்குமான ஈபி தொகையைக் கட்டி முடித்துவிட்டு, சாவியைக் கொடுத்த தேதியையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள். ஒரு மாதம் கழிந்தும் பணம் வரவில்லையென்றால், அந்தத் தாளின் நகலோடு ஒரு கடிதத்தை ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் ஒப்பந்தம், பதிவு எண், வங்கிக் கணக்கு விவரம், இந்தத் தாள் நான்கையும் எடுத்துக்கொண்டு வாடகை அதிகாரி அலுவலகத்துக்குப் போங்கள்.

வணக்கம்.