தீக்குப் பக்கத்தில் போகச் சொன்னவர்

(காரைக்குடியில் தீத்தொண்டு வாரத்தை ஒட்டிப் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, ஆச்சிமார்களே, முன்வரிசையில் சீருடையோடு அமர்ந்திருக்கும் தீயணைப்பு நிலையத் தம்பிகளே, எல்லாருக்கும் வணக்கம்.

ஏப்ரல் 14 என்றால் நமக்குச் சித்திரைப் பிறப்பு. இந்தத் தம்பிகளுக்கு அது தீத்தொண்டு நாளும்கூட. 1944இல் அதே தேதியில் பம்பாய் விக்டோரியா துறையில் ஃபோர்ட் ஸ்டிகைன் என்ற கப்பல் தீப்பிடித்தது. பஞ்சுப் பொதியையும் ஏறக்குறைய 1,400 டன் வெடிபொருளையும் ஒரே கப்பலில் ஏற்றியிருந்தார்கள். கப்பலை அங்கேயே மூழ்கடிப்பதா, கடலுக்குள் இழுத்துப் போவதா? அதை முடிவு செய்ய வேண்டியவர் யார் என்பதே தெளிவாக இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே நேரம் போய்விட்டது. மாலை நான்கு மணிக்கு மேல் கப்பல் வெடித்தது. தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்த தீயணைப்பு வீரர்கள் 66 பேர் இறந்துபோனார்கள்.

இந்தக் குழப்பத்தை அதற்கு 120 ஆண்டுகளுக்கு முன்பே நேரில் பார்த்து, அதற்கு ஒரு முடிவு கட்டியவரைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். பெயர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட். 1800இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்தில் பிறந்தவர். தகப்பனார் மரச்சாமான் செய்பவர், வீடு கட்டுபவர். பையனும் அந்தத் தொழிலிலேயே வளர்ந்தார். சுவர் எங்கே பலம் தாங்கும், உத்திரம் எங்கே முதலில் விட்டுக்கொடுக்கும் என்பது அவருக்குச் சிறு வயதிலேயே அத்துப்படி. அவர் பின்னால் செய்த எல்லாவற்றுக்கும் அதுதான் அஸ்திவாரம் என்று நான் நினைக்கிறேன்.

அந்தக் காலத்தில் பிரிட்டன் நகரங்களில் தீயணைப்பு என்பது பெரும்பாலும் இன்சூரன்ஸ் கம்பெனிகளின் வேலை. எடின்பரோவில் 1824இல் நகரத்துக்கே பொதுவாக ஒரு படை அமைத்து, 24 வயது பிரெய்ட்வுட்டைத் தலைவராகப் போட்டார்கள். பதவியேற்று சில வாரம்தான் ஆகியிருக்கும். நவம்பரில் பழைய நகரத்தின் நடுவில் பெருந்தீ. உயர உயரமான மாடிவீடுகள், நடுவில் ஆள் நுழையும் சந்துகள். படைக்கு இன்னும் பயிற்சியே முடியவில்லை. இதற்கு நடுவில் நகரசபைக்காரர் ஒன்று சொல்கிறார், நீதிபதி ஒன்று சொல்கிறார், பட்டாளத்து அதிகாரி வேறொன்று சொல்கிறார். ஆளாளுக்கு நாட்டாமை. நாள்கணக்கில் எரிந்து நானூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் தெருவுக்கு வந்துவிட்டன. ஊர் முதலில் இந்தப் பையன்மேல்தான் பாய்ந்தது. ஆனால் அதன் பிறகுதான் தீ நடக்கும் இடத்தில் தீயணைப்புத் தலைவர் ஒருவர் சொல்வதுதான் செல்லும் என்று வைத்தார்கள்.

அப்புறம் அவர் ஆள் எடுத்த விதத்தைக் கேளுங்கள். கூரை வேய்பவர், தச்சர், கொத்தனார், குழாய் வேலை செய்பவர் என்று தேடித்தேடிச் சேர்த்தார். கட்டியவனுக்குத்தான் கட்டடத்தின் நெளிவு சுளிவு தெரியும், இல்லையா? பயிற்சியை அதிகாலை நான்கு மணி இருட்டில் வைத்தார். தீ பெரும்பாலும் ராத்திரியில்தானே வருகிறது. பகல் வெளிச்சத்தில் மட்டும் பழகினவன் அங்கே என்ன செய்வான்?

அவருக்கு முன்னால் தெருவில் நின்றுகொண்டு ஜன்னல் வழியாகத் தண்ணீரை அடிப்பதுதான் பலருக்கும் வழக்கம். பிரெய்ட்வுட் அதை ஒப்புக்கொள்ளவில்லை. உள்ளே போ, தீயின் வேர் எங்கே இருக்கிறதோ அங்கே தண்ணீரை விடு என்றார். புகை மேலே தங்கும், தரையை ஒட்டி நல்ல காற்று கொஞ்சம் இருக்கும், ஆகவே முகத்தைத் தரையோடு வைத்துத் தவழ்ந்து போ என்று சொல்லிக்கொடுத்தார். தனியாகப் போகாதே, கூட ஒருவனை வைத்துக்கொள் என்றார். கதவைச் சாத்து, காற்றை உள்ளே விடாதே என்பதையும் ஓயாமல் சொன்னார். சாதாரண மரக்கதவு சாத்தியிருந்தாலே தீ எவ்வளவு நேரம் தாமதிக்கும் என்பதை அனுபவத்தில் கண்டவர். 1830இல் இதையெல்லாம் புத்தகமாகவே எழுதிவிட்டார்.

1833இல் லண்டன். இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஒன்றுசேர்ந்து அமைத்த படைக்குத் தலைவர். 80 ஆள்தான், அத்தனை பெரிய பட்டணத்துக்கு! அடுத்த ஆண்டே பாராளுமன்றக் கட்டடம் எரிந்தது. பெரும்பகுதி போய்விட்டாலும் பழைய வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தைக் காப்பாற்றினார்கள். கைப்பம்புக் காலம் அது. வண்டிக்கு இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இருபக்கமும் நின்று அழுத்த வேண்டும். நீராவிப் பம்பு வந்தபோது அவர் வெகுகாலம் தயங்கினார். தூரத்திலிருந்தே பலமாகப் பீய்ச்ச முடிந்தால் ஆட்கள் உள்ளே போக மாட்டார்களே என்ற கவலை. கடைசி ஆண்டுகளில்தான் இணங்கினார். அதில் அவர் கொஞ்சம் பிடிவாதக்காரர்தான், ஆனாலும் அந்தக் கவலையின் நியாயம் எனக்குப் புரிகிறது.

லண்டன் ஆற்றங்கரையில் சரக்கு வைக்கும் கிட்டங்கிகளைப் பார்த்துத்தான் அவர் அதிகம் பயந்தார். நம் அப்பச்சிமார் ரங்கூனிலும் பினாங்கிலும் இருந்த கிட்டங்கி போலக் கணக்கும் சமையலுமாக இருக்கும் இடம் இல்லை அது. பல மாடி உயரச் சரக்கு அறைகள், தடுப்புச்சுவரே இல்லாத விசாலம். இப்படி விட்டால் எந்தப் படையாலும் அணைக்க முடியாது, அறை அறையாகத் தடுங்கள், இரும்புக் கதவு போடுங்கள் என்று ஆண்டுக்கணக்கில் எச்சரித்தார்.

1861 ஜூன் 22, சனிக்கிழமை. டூலி தெருக் கிட்டங்கியில் தீ. பஞ்சு, சணல், கொழுப்பு, சர்க்கரை, வாசனைச் சரக்கு எல்லாம் அங்கே. ஆற்றிலோ நீர்வற்றம், மிதவைப் பம்பு கரைக்கு அருகே வர முடியவில்லை. இரும்புக் கதவுகள் இருந்தன, ஆனால் திறந்து கிடந்தன. உருகிய கொழுப்பு எரிந்துகொண்டே தேம்ஸ் ஆற்றில் மிதந்தது. மாலையில் பிரெய்ட்வுட் களைத்துப்போன தன் ஆட்களிடம் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார். ஒருவனுக்குக் கையில் வெட்டுக்காயம். தன் கழுத்துத் துணியை அவிழ்த்துக் கட்டிவிட்டார். சற்று நேரத்தில் ஒரு சுவர் அப்படியே தெருவில் சரிந்தது. அவர் அதன் அடியில். செங்கல் சூடு ஆறி உடலை எடுக்க நாள்கள் ஆயின. தீ முழுவதும் அடங்க இரண்டு வாரம். சவ ஊர்வலம் ஒரு மைலுக்கும் மேல் நீண்டது. இனி எங்களால் ஆகாது என்று கம்பெனிகள் அரசாங்கத்திடம் போய் நின்றன. 1865இல் சட்டம் வந்து, 1866 முதல் லண்டனுக்குப் பொதுப்பணத்தில் தீயணைப்புப் படை ஆனது.

சரி, இதை ஏன் செட்டிநாட்டில் நின்று சொல்கிறேன்? நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். முகப்பில் நின்று பார்த்தால் வளவு தாண்டி, இரண்டாங்கட்டு தாண்டி, பின்தெருக் கதவுவரை ஒரே நேர்கோடு. கோடைக்குச் சுகமான காற்று. தீக்கும் அதே வழிதான். ஆத்தங்குடித் தரை எரியாது, ஆனால் தலைக்கு மேலே பர்மாத் தேக்கு. மாடிப்படி ஆள் ஒண்டிப் போகிற அகலம். பல வீட்டில் ஆளே இல்லை, சாவி சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறது. மின்கம்பி தாத்தா காலத்தில் இழுத்தது. சில வீடுகள் இப்போது ஹோட்டலாகவும் ஆகிவிட்டன. மாடியில் தூங்குபவர் வெளியூர்க்காரர், இறங்கும் வழி அவருக்குத் தெரியாது.

நிலையத் தம்பிகள் இந்த வீடுகளுக்குள் முதன்முதலாக நுழைவது தீப்பிடித்த அன்றாக இருக்கக்கூடாது. பிரெய்ட்வுட் கட்டடக்காரர்களைத் தேடிச் சேர்த்தார் அல்லவா? நம்மூரிலும் இந்த வீடுகளைப் பிரித்தும் சேர்த்தும் பழுது பார்க்கும் ஆசாரிமார், கொத்தனார்மார் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை நிலையத்தாரோடு கூட்டி வைத்து, தெருத்தெருவாக வீடுகளைத் திறந்து காட்ட வேண்டும். எந்தச் சுவர் பலம், எந்தப் படி எங்கே போகிறது, மின்சாரத்தை எங்கே நிறுத்துவது என்று அவர்கள் பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும். தண்ணீர் எடுக்கத் தீயணைப்பு வண்டி ஊருணிக்கு இறங்கும் பாதையில் கார் நிறுத்துவதை விடுங்கள். வெளியூரில் இருக்கும் பங்காளிகளுக்கு இன்றைக்கே போன் போட்டு, ஒரு சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுக்கச் சொல்லுங்கள். நிலைய அலுவலர் இங்கேயேதான் இருக்கிறார். கூட்டம் முடிந்ததும் உங்கள் தெருப் பெயரையும் சாவி இருக்கும் வீட்டையும் அவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

வணக்கம்.